வீட்டில் மாட்டிய டயர்

என் கூடப்பிறந்த அண்ணன் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். ஆம்பூரைத் தாண்டி நெடுஞ்சாலையிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. நான் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிற வழியும் அதுதான். அப்படியிருந்தும் என் வண்டிக்கு நானே வீட்டு வாசலில் உட்கார்ந்து டயர் மாற்றினேன். அப்போது நாங்கள் இருவரும் மூன்று வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை.

காரணம் அம்மா. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பன்னிரண்டு நாள் மூச்சுக் குழாயோடு கிடந்தாள். பகலில் நான், இரவில் அண்ணன் என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். பன்னிரண்டாம் நாள் காலை அண்ணன் குளித்துவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்குப் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் தேற வாய்ப்பில்லை, வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் கொண்டுபோகலாம் என்றார். காகிதத்தை நீட்டினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணனுக்கு ஒரு போன் செய்திருக்கலாம். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கேட்டால் வேண்டாம் என்பார், இன்னும் நாலு நாள் பார்க்கலாம் என்பார், அந்த நாலு நாளை என்னால் பார்க்க முடியாது என்று தெரிந்துதான் செய்யவில்லை. ஆம்புலன்ஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டும்போது அம்மா போய்விட்டாள். அண்ணன் குளித்து, சாப்பிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தபோது எதிரே ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடா?" என்றார். அழவில்லை. "நானும் அவ வயித்துல பொறந்தவன்தான? ஒரு வார்த்த."

காரியம் முடிந்த அன்று மாலையோடு பேச்சு நின்றது. தினமும் காலையில் அவர் கடை முன்னால் என் வண்டி போகும். அவர் குனிந்து ஏதாவது ட்யூபைத் தேய்த்துக்கொண்டிருப்பார். பின்னால் உட்கார்ந்திருக்கும் என் மனைவி மட்டும் அந்தப் பக்கம் திரும்பித் தலையை ஆட்டுவாள். அவளுக்கு அவரோடு சண்டை இல்லை.

அவளும் நானும் ஒரே கம்பெனிதான். நான் தோல் வெட்டும் பிரிவு. அவள் தையல் லைனில் இருந்தாள். ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பது. கணுக்காலைச் சுற்றி வருகிற வளைவில் தையல் பிசகாமல் திருப்புவதற்கு அவளைத்தான் உட்கார வைப்பார்கள். புதிதாக வருகிற பெண்களிடம் சூப்பர்வைசர், "அந்தக்கா கைய பாத்துக்கினே இருங்க" என்பார் என்று அவளே ஒருநாள் சொன்னாள். பெருமையாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான். எங்கள் மகள் நர்சிங் படிப்பதற்காக ராணிப்பேட்டையில் விடுதியில் இருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்.

முன் டயர் தேய்ந்தபோது வேறு ஒரு கடைக்குத்தான் போனேன். அந்தக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "இன்னாங்க, அண்ணன் கடைய உட்டுட்டு இங்க வந்துக்கிறீங்க?" என்று கேட்டார். சும்மா கேட்டதுதான். ஆனால் அங்கே காத்து நின்ற நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் வருகிறேன் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாரமே இரும்புச் சாமான் கடையில் இரண்டு டயர் லீவர் வாங்கினேன். ரிம்மிலிருந்து டயரை நெம்பி எடுக்கிற, முனை வளைந்த, ஒரு முழம் நீளமுள்ள இரும்புப் பட்டை, அவ்வளவுதான். காலால் மிதிக்கிற காற்று பம்ப் ஒன்றை போனில் ஆர்டர் போட்டேன். ஸ்பேனர்கள் வீட்டில் இருந்தன. ரிம்மில் கீறல் விழாமல் இருக்க, கம்பெனியில் கழித்துப் போடுகிற தோல் துண்டில் இரண்டை எடுத்து வந்தேன். பக்கெட்டில் சோப்புத் தண்ணீர், ட்யூபில் தடவ முகத்துக்குப் போடுகிற பவுடர். எப்படிச் செய்வது என்று போனில் வீடியோ பார்த்தேன். அண்ணன் கடையில் சின்ன வயதிலிருந்து பார்த்ததும் கொஞ்சம் ஞாபகம் இருந்தது.

முன் டயர் நன்றாகவே வந்தது. அரை நாள் ஆனது, விரல் முட்டியில் தோல் உரிந்தது. ஆனாலும் கடைசியில் பம்பை மிதிக்க மிதிக்க டயர் எழும்பி ரிம்மில் 'டப்' என்று போய் உட்கார்ந்த சத்தம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. யாரிடமும் போய் நிற்கவில்லை. மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "மாமா உக்காந்துக்கிற மாதிரியே உக்காந்துக்கினு இருக்கீங்க" என்றாள். என் அண்ணனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். எனக்குச் சுருக்கென்றது. ஸ்பேனர்களை எடுத்துத் துடைத்தேன்.

பின் டயர் ஏழெட்டு மாதம் கழித்துத் தேய்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை வேப்பமரத்தடியில் நடு ஸ்டாண்டில் நிறுத்தினேன். பின் சக்கரம் முன் சக்கரம் மாதிரி இல்லை. செயின் இருக்கிறது, பிரேக் கம்பி இருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றிச் சக்கரத்தை வெளியே எடுக்கவே வெகு நேரமானது. பழைய டயர் ரிம்மோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. மேலே ஏறி நின்று மிதித்தேன். பிறகு பக்கத்து வீட்டு வண்டியை இரவல் வாங்கி, அதன் சைடு ஸ்டாண்டை டயரின் ஓரத்தில் வைத்து, வண்டியின் பாரத்தை அதன்மேல் சாய்த்து அழுத்தினேன். அப்போதுதான் விட்டது.

புது டயரின் ஒரு பக்கத்தை ஏற்றினேன். புது ட்யூபில் கொஞ்சம் காற்று வைத்து உள்ளே திணித்தேன். அடுத்த பக்கத்தைச் சுற்றி வந்து, கடைசியில் ஒரு சாண் மிஞ்சியது. எப்போதும் அந்தக் கடைசிச் சாண்தான் கஷ்டம். அந்த இடத்தில் லீவரைப் போட்டு இழுக்கக் கூடாது. எதிர்ப்பக்கத்தை முட்டியால் ரிம்மின் பள்ளத்துக்குள் தள்ளிவிட்டு, இந்தப் பக்கத்தைக் கையால் அமுக்கி ஏற்ற வேண்டும். எனக்கு அது தெரியும். ஆனால் நேரம் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. நிழல் நகர்ந்து முதுகில் வெயில் அடித்தது. மனைவி சாப்பிட இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். இரண்டு லீவரையும் போட்டு ஒரே அழுத்தாக அழுத்தினேன். டயர் உள்ளே விழுந்தது. அந்த நேரத்தில் லீவர் முனையில் மெத்தென்று ஏதோ பட்டது.

அது ட்யூபாக இருக்கலாம் என்று அப்போதே நினைத்தேன். மறுபடி பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். பிரிக்கவில்லை. காற்று அடித்தேன், நின்றது. சாயங்காலம் வரை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். நின்றுகொண்டுதான் இருந்தது.

மறுநாள் காலையில் கொஞ்சம் இறங்கியிருந்தது. பம்பை எடுத்து மிதித்தேன். அதற்கு மறுநாளும் அப்படியே. வால்வு சரியில்லை, வேறொன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வால்வு பின்னை மாற்றியும் பார்த்தேன். ஐந்தாறு நாள் இப்படிப் போனது. மனைவி சாப்பாட்டுக் கூடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றபடி கேட்டாள்.

"இன்னா, தெனத்திக்கும் காத்து அடிக்கிறீங்க?"

"புது ட்யூபு. ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்."

"மாமாகிட்ட ஒருவாட்டி காட்டலாமே?"

"அவர்கிட்ட இன்னா காட்டறது? எனக்குத் தெரியாதா?"

அவள் ஏறி உட்கார்ந்தாள்.

டயர் மாட்டிய ஒன்பதாம் நாள். அண்ணன் கடையைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் போயிருப்போம். நெடுஞ்சாலையில் பின்னால் ஒரு டெம்போ வந்துகொண்டிருந்தது. அதற்கு வழி விடலாம் என்று ஓரத்துக்குத் திருப்பினேன். வண்டியின் பின்பக்கம் என் பேச்சைக் கேட்கவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசியது. "இன்னாங்க" என்று அவள் சொன்னது கேட்டது. பயந்து கத்தவில்லை, ஏதோ கேட்பதுபோலத்தான் சொன்னாள். அப்புறம் என் தோளில் இருந்த அவள் கை இல்லை.

நான் வண்டியோடு சரிந்து, முட்டி தேய்ந்து எழுந்தேன். டெம்போக்காரர் எப்படியோ பிரேக் அடித்து நிறுத்தியிருந்தார். அவள் ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். மணிக்கட்டு இருக்க வேண்டிய மாதிரி இல்லை. கூடை கவிழ்ந்து புளிசாதம் தாரில் சிதறிக் கிடந்தது. வேறொரு கம்பெனி வேன் நின்று, அதிலிருந்து இரண்டு பெண்கள் இறங்கி அவளைத் தூக்கினார்கள். அவள் அவர்களிடம், "எனக்கு ஒன்னும் இல்லக்கா, லேட்டாய்டும், நீங்க போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மணிக்கட்டில் எலும்பு மூன்று இடத்தில் உடைந்திருந்தது. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி வராண்டாவில் நான் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் வந்தார். கையில் கிரீஸ் கறை அப்படியே இருந்தது. கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார். மூன்று வருஷத்துக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை, "சாப்டியா?" என்பதுதான். நான் இல்லை என்று தலையாட்டினேன். போய் இரண்டு பன்னும் டீயும் வாங்கி வந்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கடையில் விட்டிருப்பதாகச் சொன்னார். பிறகு உள்ளே போய் அவளைப் பார்த்துவிட்டு வந்து பஸ் ஏறிவிட்டார்.

நாலு நாள் கழித்து வண்டியை எடுக்கக் கடைக்குப் போனேன். பின் சக்கரம் மாட்டித் தயாராக நின்றது. அண்ணன் உள்ளே போய் ஒரு ட்யூபை எடுத்து வந்து மேசைமேல் விரித்தார். ரிம் பக்கத்தில் ஒரு விரல்கடை அகலத்தில் கடித்த மாதிரி ஒரு தடம். அந்தத் தடத்தின் நடுவே ரப்பர் நீளமாகக் கிழிந்திருந்தது.

"பாத்தியா?"

"ம்."

"இது ரோட்ல ஆனது இல்ல. லீவர் கடிச்சது. கொஞ்சம் கொஞ்சமா உட்டு, சூடு ஏறி, லோடு ஜாஸ்தியானதும் பிச்சிக்கிச்சு. தெனம் காத்து எறங்கி இருக்குமே?"

நான் அந்தத் தடத்தை விரலால் தடவினேன்.

"எறங்கிச்சா இல்லியாடா?"

"எறங்கிச்சு."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "உன் வீட்டுக்காரிகிட்ட ஆணின்னு சொல்லிட்டேன். ஆணி குத்திச்சு, எடுத்துட்டேன்னு. நீயும் அப்படியே சொல்லிக்க."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைக்காமல் எழுதுகிறேன். அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதிக்காக வெட்கப்பட எனக்கு ஒரு நாள் பிடித்தது.

"ண்ணா" என்றேன்.

"வேணாம்டா. அம்மா விஷயத்த நான் மறக்கல. மறக்கவும் மாட்டேன். அது வேற, இது வேற. இனிமே டயர இங்க கொண்டா." ட்யூபைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

கட்டுப் பிரித்த பிறகும் அவளுடைய விரல்கள் பழையபடி மடங்கவில்லை. பயிற்சி கொடுத்தார்கள். ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார்கள். அவள் தினமும் டிவி முன்னால் உட்கார்ந்து அமுக்கினாள். நாலு மாதம் கழித்துக் கம்பெனிக்குப் போனாள். பழைய மெஷினிலேயே உட்கார வைத்தார்கள். வளைவில் திருப்பும்போது தையல் ஓடிவிட்டது. ஒரு வாரம் பொறுத்தார்கள். அப்புறம் நூல் நறுக்குகிற மேசைக்கு மாற்றினார்கள். தைத்து வருகிற துண்டில் பிசிறு நூலை வெட்டிப் போடுகிற வேலை. சூப்பர்வைசர் அவள் கையைப் பார்க்கச் சொன்ன பெண்களில் ஒருத்தி அவளுடைய மெஷினில் உட்கார்ந்தாள். யாரையும் குறை சொல்ல முடியாது. கம்பெனி அவளை வெளியே அனுப்பவில்லை. அதுவே பெரிது என்றார்கள்.

அன்றிலிருந்து அவள் திட்ட ஆரம்பித்தாள். என்னை இல்லை. ரோட்டில் ஆணி போட்டவனை. சாதம் கிளறும்போது கரண்டி நழுவினால், "எந்தப் பாவி போட்ட ஆணியோ" என்பாள். தலைமுடியைப் பின்ன முடியாமல் பாதியில் விடும்போது, "அவன் கை வெளங்காம போவ" என்பாள். பக்கத்து வீட்டுக்காரி வந்தாலும் அந்த ஆணிக் கதைதான். லாரியிலிருந்து விழுந்திருக்கும், கொட்டகை போடுகிறவன் சிந்தியிருப்பான், பஞ்சர் கடைக்காரர்களே போடுவதும் உண்டு என்று யாராவது ஒன்று சொல்வார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். என் கை நன்றாகத்தான் இருந்தது. கம்பெனியில் ஒரு நாளைக்கு எத்தனையோ தோலை வெட்டியது. ஒரு பிசகும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவள் இடது கையால் வெங்காயம் நறுக்கப் பழகிக்கொண்டிருந்தாள். கத்தி வழுக்கி விரலில் பட்டது. பெரிய காயம் இல்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டு, "நல்லா இருப்பானா அவன்?" என்றாள்.

"ஆணி இல்லம்மே அது" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். லீவர் முனையில் மெத்தென்று பட்டது, பிரித்துப் பார்க்காமல் விட்டது, தினமும் காற்று இறங்கியது, வால்வு என்று என்னையே ஏமாற்றிக்கொண்டது, அண்ணன் கடையில் பார்த்த ட்யூபு. சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. அதுவும் எனக்கே அசிங்கமாக இருந்தது.

அவள் கேட்ட முதல் கேள்வி, "மாமாவுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"பேசிக்காம இருந்தீங்க. இதுக்குப் பேசிக்கினீங்க."

அப்புறம் எழுந்து கையைக் கழுவினாள். தண்ணீர் நின்ற பிறகும் குழாயடியிலேயே நின்றாள்.

"நான் கேட்டேன் இல்ல? தெனம் காத்து அடிக்கிறீங்களேன்னு கேட்டேன். தெரியலன்னு சொல்லியிருந்தா நான் கம்பெனி வேன்ல போயிருப்பேன். அன்னிக்கு அத்தைய கொண்டாந்தீங்களே, அப்பவும் இப்படித்தான். யார்கிட்டயும் கேக்கறது இல்ல. நீங்களே முடிவு பண்ணிக்கினு, அப்புறம் நாங்க எல்லாம் சொமக்கணும்."

அண்ணன் மூன்று வருஷம் பேசாமல் இருந்து எனக்குப் புரியவைக்க முடியாததை அவள் குழாயடியில் நின்று சொல்லிவிட்டாள். அம்மாவைக் கொண்டுவந்தது தப்பு என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் அந்த போனைச் செய்யாதது ஏன் என்று எனக்கு இப்போது தெரியும். தப்பாகப் போய்விடுமோ என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. யாராவது வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

அவள் கோபித்துக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. மகளிடம் சொல்லவும் இல்லை. சமைத்தாள், துவைத்தாள், கறிவேப்பிலை இல்லை என்றால் வாங்கி வரச் சொன்னாள். ஆனால் திட்டுவதை நிறுத்திவிட்டாள். கரண்டி நழுவினால் குனிந்து எடுத்துக்கொள்கிறாள். அவள் திட்டிக்கொண்டிருந்த மாதங்களில் வீட்டில் ஒரு சத்தமாவது இருந்தது.

சொல்லிவிட்டேன் என்று அண்ணனிடம் போய்ச் சொன்னேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஏன்டா சொன்ன? உன் மனசு லேசாவணும்னு சொன்னியா?" என்றார்.  அந்த வாரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா காரியத்துக்குப் பிறகு படியேறியது அதுதான் முதல் தடவை. அவள் முன்னால் நின்று, "பொய் சொல்லிட்டேன்மா, தப்புதான்" என்றார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு டீ கொடுத்தாள். டம்ளரை இடது கையால்தான் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.  இப்போதும் நாங்கள் பேசுவது வண்டியைப் பற்றி மட்டும்தான்.

அவள் என் வண்டியில் ஏறுவதில்லை. கம்பெனி வேன் ஏழே காலுக்கு ஊர் முனையில் வந்து நிற்கும். அதில் போய்விடுகிறாள். நான் பத்து நிமிஷம் கழித்துக் கிளம்புவேன். பின்னால் பாரம் இல்லாத வண்டி காற்றுக்குக் கொஞ்சம் ஆடுகிறது. விபத்து நடந்த இடம் வரும்போது தன்னாலே வேகம் குறைந்துவிடுகிறது.

நான் போய்ச் சேரும்போது வேனில் வந்த மற்ற பெண்கள் எல்லாரும் உள்ளே போயிருப்பார்கள். அவள் மட்டும் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில், அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். என் வண்டி உள்ளே நுழைந்ததும் திரும்பி நடந்துவிடுவாள்.  பல மாதங்கள் இதைப் பார்த்துவிட்டு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன், எதற்காக நிற்கிறாய் என்று.

"வந்து சேந்தீங்களான்னு பாக்கறேன்" என்றாள். பிறகு டப்பாவை மூடிக்கொண்டே, "வேற ஒன்னும் இல்ல" என்றாள்.